யாரைப் பார்த்துப் பாடுகிறான்?

காதல் தோல்விப் பாட்டு என்றால் பலரும் ட்யூனைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு வேறொரு கிறுக்கு. பாடுகிறவன் யாரைப் பார்த்துப் பாடுகிறான் என்று கவனிப்பேன். அவளையா, கடவுளையா, பக்கத்தில் கிளாஸோடு உட்கார்ந்திருக்கும் நண்பனையா?

1962-இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. 'எங்கிருந்தாலும் வாழ்க' என்று கண்ணதாசன் நேராக அவளிடமே பேசுகிறார். அப்புறம் அவளுடைய மஞ்சளையும் குங்குமத்தையும் வாழ்த்துகிறார். தனியாகக் கேட்டால் கல்யாண வீட்டு வாழ்த்து மாதிரிதான் இருக்கும். கதையோடு சேர்த்துக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். பாடுகிறவன் டாக்டர், அவள் கணவன் அவனுடைய நோயாளி. ஆபரேஷன் செய்யப்போவதும் அவனே. அந்தக் குங்குமம் அவள் நெற்றியில் நிலைப்பது அவன் கத்தியில் இருக்கிறது. இதை ஏ.எல்.ராகவன் குரல் கம்மாமல், மெதுவாகப் பாடிவிட்டுப் போகிறார்.

பத்து வருஷம் கழித்து, 'வசந்த மாளிகை'யில் அதே கண்ணதாசன். இப்போது அவள் எதிரில் இல்லை. 'யாருக்காக' என்று டி.எம்.எஸ். தொண்டை கிழியக் கேட்பது, கட்டிவைத்த மாளிகைச் சுவர்களிடம். 'இரண்டு மனம் வேண்டும்' இறைவனுக்குப் போகும் மனு: நினைத்து வாட ஒன்று, மறந்து வாழ ஒன்று. என் ஓட்டு இரண்டாவதற்கு. அவ்வளவு துக்கத்திலும் கணக்காக இரண்டு கேட்கிறானே!

1980-இல் 'ஒரு தலை ராகம்'. விடியற்காலைப் பூபாளத்தை இரவில் பாடுவது, மேற்கில் உதிக்கும் சூரியன், நதியில்லாத ஓடம் என்று டி.ராஜேந்தர் அடுக்கிக்கொண்டே போகிறார். எல்லாமே அவன் நிலைமை. அவள் எங்கே என்று தேட வேண்டும். இன்னொரு பாட்டு தொடங்குவதே 'நான்' என்றுதான்.

சரி, 2011-க்கு வருவோம். 'கொலவெறி' சூப் பாய்ஸுக்காகவே, அதாவது காதலில் தோற்ற பையன்களுக்காகவே, பாடப்பட்டது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அவள் எப்படிச் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது அதில் வரும் புகார். 1962-இன் டாக்டர் கேட்ட வரமே அதுதானே! ஆனாலும் தனுஷ் தன்னையும் சேர்த்துக் கிண்டல் செய்துகொள்வதால் சிரித்துவிடலாம். அதே வருஷம் 'மயக்கம் என்ன'வில் வந்த 'அடிடா அவள' எனக்குச் செரிக்கவே இல்லை, மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

2018-இல் '96'. கார்த்திக் நேத்தாவின் பாட்டு, 'காதலே' என்று காதலையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அந்தப் படத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது என்னவோ பழைய பாட்டுதான். பள்ளி நாளிலிருந்து ராம் கேட்டும் ஜானு பாடாமல் வைத்திருந்த 'யமுனை ஆற்றிலே'. கரண்ட் போன இருட்டில், அவன் வீட்டிலேயே, ஒருவழியாகப் பாடுகிறாள். அவன் விளக்கைத் தேடி ஓடி வருகிறான். அவளோ கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையைப் பாடிக்கொண்டிருக்கிறாள்.