பேரல் ரேசிங்: குதிரையின் மேல் நான்கு ஆண்டுகள்

பேரல் எனப்படும் மூன்று டிரம்களைக் குதிரையில் வேகமாகச் சுற்றிவரும் பந்தயமான பேரல் ரேசிங்கைப் பழகத் தொடங்கி இந்த மாதத்தோடு நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. தொடங்கியபோது எனக்கு வயது 38. குதிரையின் மூன்று நடைகளிலும், அதாவது சாதாரண நடை, துள்ளோட்டமான டிராட், மிதமான பாய்ச்சலான கேன்டர் ஆகியவற்றில், தடுமாறாமல் அமரத் தெரியும் என்பதைத் தவிர, பந்தய அனுபவம் எதுவும் கிடையாது. முதல் ஆறு மாதங்களிலேயே இதைப் பற்றி எழுதியிருந்தால் வேகத்தைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். இப்போது எழுதும்போது, வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

போட்டியின் அமைப்பு எளிது. 55 கேலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர் கொள்ளும் மூன்று டிரம்களை முக்கோண வடிவில் நிறுத்துகிறார்கள். முழு அளவு ஆடுகளத்தில் முதல் இரண்டு பேரல்களுக்கும் இடையே 90 அடி, அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவது பேரலுக்கு 105 அடி, தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டுக்கும் 60 அடி என்று தூரம் வைப்பது வழக்கம். மூன்றையும் மூவிலை வடிவில் சுற்றிவிட்டு, கடைசி பேரலிலிருந்து நேராகக் கோட்டை நோக்கிப் பாய்ந்து வர வேண்டும். பேரல் கீழே விழுந்தால் நேரத்தோடு 5 வினாடிகள் சேரும். சுற்றும் வரிசையைத் தவறவிட்டால் அந்த ஓட்டத்துக்கு நேரமே கிடையாது. சாய்கிற பேரலைக் கையால் பிடித்து நிறுத்த விதி அனுமதிக்கிறது என்றாலும், பாயும் குதிரையின் மேலிருந்து அதைச் செய்ய முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இந்த அளவு ஆடுகளத்தில் தேர்ந்த வீராங்கனைகள் 17 வினாடிகளை ஒட்டி முடிக்கிறார்கள். எனது முதல் நேரம் 24 வினாடிகளைத் தாண்டியது.

அந்த 24 வினாடிகளைக் குறைக்க நான் முதல் ஆண்டு முழுவதும் தவறான இடத்தில் உழைத்தேன். இரண்டு பேரல்களுக்கு இடையிலுள்ள நேர்ப்பாதையில் குதிரையை எவ்வளவு விரட்ட முடியுமோ அவ்வளவு விரட்டினேன். விளைவு, ஒவ்வொரு திருப்பத்திலும் குதிரை பேரலைத் தாண்டிப் போய் அகன்று வளைந்தது. நேர்ப்பாதையில் சேமித்ததைவிட அதிகமான நேரம் அங்கே போனது. பேரலுக்கு மிக அருகில் நேராகப் போய்ச் சேர்ந்தால், குதிரையின் உடல் திரும்புவதற்கு இடமில்லாமல் தோள் உள்பக்கம் சாய்ந்து பேரலை இடிக்கிறது, அல்லது வெளியே வரும்போது வட்டம் பெரிதாகிவிடுகிறது. மாறாக, நுழையும்போது பக்கவாட்டில் குதிரைக்குச் சற்று இடம் விட்டு, பின்கால்களின் மேல் எடையை வாங்கிக்கொள்ளச் செய்து, வெளியேறும்போது பேரலை ஒட்டி வந்தால், அடுத்த பேரலுக்கான பாதை நேராகக் கிடைக்கிறது. இதை எனது பயிற்சியாளர் ஒரே வரியில் சொல்வார்: ‘அகலமாப் போ, ஒட்டி வா.’ வாயால் சொல்ல ஒரு நொடி. எனது உடலுக்கு அது பழக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

இதில் பார்வைக்கு உள்ள பங்கு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், இரண்டாவது பேரலை நெருங்கும்போது அதன் மேல் விளிம்பைப் பார்த்துக்கொண்டே போனேன். என் தலை சற்றே தாழ்ந்தது, உள்பக்கத் தோள் இறங்கியது, எடை முழுவதும் உள்பக்க அங்கவடிக்கு, அதாவது கால் வைக்கும் வளையத்துக்குப் போனது, குதிரை அந்த எடையின் கீழே வந்து நின்றது. முழங்காலுக்குக் கீழே தகரத்தின் விளிம்பு உரசியது, காலி டிரம் மண்ணில் உருளும் அந்தக் கனத்த ஓசை பின்னால் கேட்டது. கால் முன்னெலும்பில் இருந்த நீலக் கன்றல் ஆற மூன்று வாரம் ஆனது. அடுத்த வகுப்பில் பார்வையைப் பேரலில் வைக்காமல், திருப்பம் முடிந்த பிறகு குதிரையின் காதுகள் எந்த இடத்தை நோக்கியிருக்க வேண்டுமோ அந்த மண்ணில் வைத்தேன். அதே குதிரை, அதே வேகத்தில், பேரலைத் தொடாமல் சுற்றி வந்தது.

கைகளைவிட இருக்கையும் கால்களும்தான் குதிரையிடம் பேசுகின்றன என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய ரோடியோ இறுதிப் போட்டியின் ஏழாம் சுற்றில் வீராங்கனை சார்மெயின் ஜேம்ஸ் ஏறியிருந்த ஸ்கேம்பர் என்ற குதிரையின் கடிவாளம் கழன்றுவிட்டது. அப்படியும் அந்தக் குதிரை மூன்று பேரல்களையும் சுற்றி முடித்து அந்தச் சுற்றை வென்றது. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்களை வென்ற இணை அது. அதைப் படித்த பிறகுதான் லகானைத் தளரவிட்டு நடையில் மட்டும் முழுப் பாதையையும் சுற்றும் பயிற்சியை நான் அலுப்பின்றிச் செய்யத் தொடங்கினேன். பேரலை நெருங்கும்போது சேணத்தில் ஆழமாக உட்கார்ந்தால் குதிரை வேகத்தைத் தானே குறைக்கிறது. வெளியேறும்போது முன்னே சாய்ந்தால் நீளமாகப் பாய்கிறது. இப்போது எனது வாராந்தரப் பயிற்சியில் பெரும்பகுதி நடையிலும் டிராட்டிலும்தான் கழிகிறது. முழு வேகத்தில் பாதையைச் சுற்றுவது மாதத்தில் மூன்று நான்கு முறைக்கு மேல் இல்லை. ஒரே பாதையை ஓயாமல் வேகமாக ஓட்டினால் குதிரைக்கு அதன் மேல் வெறுப்பு வந்துவிடுகிறது என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் நடந்ததை நான் எழுதாமல் விட முடியாது. நான் ஏறும் பெண் குதிரை, குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனத்தைச் சேர்ந்த 14 வயதுக் குதிரை, ஆடுகளத்துக்குள் நுழையும் ஒடுங்கிய வழியில் நின்று பின்வாங்கத் தொடங்கியது. பிடிவாதம் என்று பலர் சொன்னார்கள். காலை அழுத்தி உள்ளே தள்ளச் சொன்னார்கள், நானும் இரண்டு வாரம் அப்படியே செய்தேன். இடப்பக்கத் திருப்பங்களில் அது வழக்கத்தைவிட அகன்று போனதைப் பயிற்சியாளர் கவனித்துக் கால்நடை மருத்துவரை அழைத்தபோது, பின்னங்காலின் கணுமூட்டில் அழற்சி இருப்பது தெரிந்தது. இந்தப் போட்டியில் குதிரை வேகமாக வந்து, உடலைத் தாழ்த்தி, ஒரு பின்காலின் மேல் சுழல்கிறது. முதல் பேரலை வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினால் மீதி இரண்டும் இடப்பக்கம் என்பதால், ஒரு பக்கத்துக்குச் சுமை கூடுதல். நான்கு மாதம் ஓட்டத்தை முழுமையாக நிறுத்தினோம். வலியைச் சொன்ன உயிரை நான் இரண்டு வாரம் தள்ளியிருக்கிறேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. பழக்கத்தில் மாற்றம் தெரிந்தால், முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு சேணத்தின் பொருத்தத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் குணத்தைப் பற்றிப் பேசலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடம் பார்ப்பது, ஓட்டத்துக்கு முன் இருபது நிமிடம் நடத்திச் சூடேற்றுவது, பின் மூச்சு சீராகும்வரை நடத்திக் குளிர்விப்பது ஆகியவற்றில் நான் இப்போது ஒரு நாளும் விட்டுக்கொடுப்பதில்லை.

சேணத்தைப் பொறுத்தவரை, பேரல் சேணம் ஆழமான இருக்கையும், பிடித்துக்கொள்ள முன்புறத்தில் உயரமான கொம்பும் கொண்டு, மற்ற மேற்கத்திய சேணங்களைவிட இலேசாக இருக்கும். திருப்பத்தில் வெளிக்கையால் கொம்பைப் பிடித்துத் தள்ளி அமர அது உதவுகிறது. முதல் ஆண்டில் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பயிற்சியிடத்தில் உள்ளதே போதும். தலைக்கவசத்தையும் முழங்கால் காப்பையும் மட்டும் முதல் நாளே சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வயது கடந்து தொடங்குவோருக்கு உள்ள தயக்கத்தைப் பல போட்டிகளின் பிரிவு முறை ஓரளவு நீக்குகிறது. அன்றைய மிக வேகமான நேரத்தை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு வினாடி தள்ளி அடுத்தடுத்த பிரிவுகள் தொடங்குகின்றன. ஆகவே நான்காம் பிரிவில் ஓடும் எனக்கும் ஓடுவதற்கு ஓர் இலக்கு இருக்கிறது.

கடந்த மாதம் எனது நேரம் 19.3 வினாடிகள். முதல் பேரலை வலப்பக்கம் சுற்றியபின், இரண்டாவதற்குப் போகும் வழியில் குதிரை பாய்ச்சலில் முன்னே எடுத்து வைக்கும் காலை வலத்திலிருந்து இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றம் எங்களுக்கு இன்னும் ஓர் எட்டு தாமதமாகவே வருகிறது. இந்த வாரமும் அதைக் கேன்டரில் மட்டுமே பழகுகிறோம்.