இன்னொரு தடவை காசு கொடுப்பேனா?

எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று வாராவாரம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் ஒரே கணக்கில்தான். என் சொந்தக் காசைப் போட்டு இன்னொரு தடவை போவேனா, மாட்டேனா? ஓசியில் கிடைத்ததைப் பற்றிச் சொல்ல மாட்டேன், ஓசியில் எல்லாமே ருசிக்கும். நட்சத்திரம் போடுகிற வழக்கமும் இல்லை.

பினாங்கில் இருந்துகொண்டு சாப்பாட்டில் தொடங்காமல் வேறு எதில் தொடங்குவது. செவ்வாய்க்கிழமை கேம்பல் தெரு ஹமீடியாவுக்குப் போனேன். 1907இல் தொடங்கிய கடை, சுற்றுப்பயணிகள் படம் பிடித்துக்கொண்டே வரிசையில் நிற்கும் கடை, அதனாலேயே உள்ளூர்க்காரர்கள் சிலர் "அங்கேயா போன?" என்று உதட்டைப் பிதுக்கும் கடை. பிதுக்கட்டும். மத்தியான நேரத்தில் எனக்குப் பொறுமை இருக்காது என்பதால் பதினொன்றுக்கே போய்விட்டேன்.

அங்கே கிடைப்பது நாசி கண்டார், பல குழம்புகளைச் சேர்த்து ஊற்றித் தருகிற சோறு. அதில் எல்லோரும் பொரித்த கோழியையும் கணவாயையும் கைகாட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள், எனக்கென்னவோ அதில் கவனிக்க வேண்டியது கரண்டி பிடிக்கிறவரின் கையைத்தான். சோறு தட்டில் விழுந்ததும் மீன் குழம்பில் அரைக் கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மாட்டிறைச்சி வெந்த கறுப்புச் சாற்றில் கொஞ்சம், அப்புறம் சட்டியின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் எண்ணெயையும் மசாலாவையும் ஒரு சுரண்டு சுரண்டி மேலே ஒரு வீச்சு, எல்லாம் நாம் "போதும்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள். தனித்தனியாக நக்கிப் பார்த்தால் அந்தக் குழம்புகளில் பெரிய அதிசயம் ஒன்றும் இருக்காது, நான் பார்த்திருக்கிறேன். கலந்தால்தான் அது நாசி கண்டார். "பஞ்சிர்" என்று சொன்னால் சோறு மிதக்கிற அளவுக்கு ஊற்றுவார்கள். மலாயில் அதற்கு வெள்ளம் என்று அர்த்தம், தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதே எனக்கு ஒரு வேலை. தோளில் காவடிபோல ஒரு கம்பு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்புச் சட்டி என்று தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளிகளிடம் கூவி விற்ற சோறு இது, அந்தக் கம்பைச் சுமப்பதிலிருந்து வந்த பேர்தான் கண்டார். என் தட்டில் கோழி, வெண்டைக்காய், பாதி உப்பு முட்டை. பக்கத்து மேசை அண்ணன் முள்ளங்கரண்டியில் சாப்பிட்டார், அது அவர் தலையெழுத்து. இன்னொரு தடவை போவேனா? வெள்ளிக்கிழமையே போய்விட்டேன்.

அதே வாரம் வேறொரு கடையில் சூடு பட்டேன், பேர் வேண்டாம். விலைப்பலகை கிடையாது, நானும் கேட்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய இறால் என்னைப் பார்த்துச் சிரித்தது, எடுத்து வைக்கச் சொன்னேன். தட்டைக் கண்ணாலேயே எடை போட்டுவிட்டுக் கல்லாவில் 38 வெள்ளி (ரிங்கிட்) என்றார். "இறால் விலை ஏறிடுச்சுக்கா." ஏறட்டும் தம்பி, ஏறியதை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன? விலை எழுதிவைக்காத கடைக்கு இந்த நாட்டில் அபராதம் உண்டு. வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, "கேக்காம வாங்குன வாய்க்கு வேணும்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் மாமியாரைவிடச் சிறந்த விமர்சகரை இந்தத் தீவில் நான் பார்த்ததில்லை.

படிக்க: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. தெரிந்த பேர்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். நமக்கும் அந்த நாவலுக்கும் இருக்கிற உறவே தனி. சிங்காரம் பதினெட்டு வயதுவாக்கில் சிங்கம்புணரியிலிருந்து சுமத்ராவில் இருக்கும் மேடானுக்கு வேலைக்கு வந்தவர், யுத்தத்தை இந்தப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர், ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை செய்தவர். ஜப்பான்காரன் மேடானுக்குள் நுழைவதில் தொடங்கி, கதாநாயகன் பாண்டியன் ஒரு சரக்குத் தோணியில் கடலைத் தாண்டிப் பினாங்குக்கு வருகிற பகுதி இருக்கிறதே, அதை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கக் கூடாது. நான் இந்த மூன்றாவது வாசிப்பை எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போகிற ஃபெரியில் வைத்துக்கொண்டேன். இருபது நிமிஷம்கூட இல்லாத பயணம், அலையும் பெரிதாக இல்லை, ஆனாலும் அந்தப் புயல் பக்கங்கள் வந்தபோது என் கை தானாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. எதிரில் மோட்டாரோடு நின்ற பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

துவான், அதாவது ஐயா, என்று ஒருவன் கூப்பிட்டால் தமிழ்நாட்டு வாசகர் பக்கத்தின் கீழே குறிப்பு தேட வேண்டும், நமக்கு அது வீட்டுச் சொல். முன்பு இங்கிருந்து மேடானின் துறைமுகமான பெலாவானுக்குப் பயணிகள் ஃபெரி ஓடியது, மேடான் என்றால் எங்கள் அப்பா காலத்து ஆட்களுக்கு வெளிநாடு என்ற நினைப்பே வராது. நண்பர்கள் கூடி உட்கார்ந்து தமிழிலக்கியத்தை வாரு வாரென்று வாருகிற பக்கங்களுக்காகவே சிலர் இந்த நாவலைக் கொண்டாடுகிறார்கள், எனக்கு அங்கே கொஞ்சம் நீளம் அதிகம். ஊர் நினைப்பு வந்து பாண்டியன் உள்ளுக்குள் சின்னமங்கலத்துக்குப் போய்விடுகிற இடங்கள்தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. பல பதிப்பகங்கள் மறுபதிப்புப் போட்டிருக்கின்றன. நாற்பதைத் தாண்டியவர்கள் எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் கூடவே 'த சாரா சாகா', 1970இல் வந்தது. எழுதிய சரவணமுத்து, யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பம், பினாங்கு 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்து, வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கமுக்கமாகத் தீவைக் காலி செய்துவிட்டார்கள், கோட்டையில் கொடியை இறக்கக்கூட ஆளில்லை. பறக்கிற கொடியைப் பார்த்து ஜப்பான்காரன் இன்னும் குண்டு போடுவானே என்று இந்த மனுஷன் போய் அதை இறக்கியிருக்கிறார், வானொலியில் ஏறி வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று அறிவித்துமிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அந்தக் கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு தடவைகூட இதைச் சொல்லத் தெரியாமல் பீரங்கியைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

தொலைக்காட்சி இந்த வாரம் சுமார். எல்லோரும் பேசுகிற ஒரு தொடரை இரண்டு பாகம் பார்த்தேன், தமிழ் வரிகளை யார் எழுதினார்களோ, "பிரேக் எ லெக்" என்பதற்கு "காலை உடை" என்று ஓடியது, நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் 'ஜகாட்' இன்னொரு முறை. 2015இல் வந்த நம் ஊர்ப் படம், சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று பரிசு வாங்கியது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், படிப்பு படிப்பு என்று அடிக்கிற அப்பா, அப்போய் என்கிற சுட்டிப் பையன். கதையை விடுங்கள், அந்தத் தமிழைக் கேளுங்கள். சென்னைத் தமிழைக் கடன் வாங்காமல் நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுகிறார்கள். என் மகள் பாதியில் எழுந்துபோய்விடுவாள் என்று நினைத்தேன், கடைசி வரைக்கும் கைப்பேசியைத் தொடவில்லை.

சரி, நாடகம். சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபம், உள்ளூர்க் குழு, டிக்கெட் 20 வெள்ளி. ஏழரைக்குத் தொடக்கம் என்று அச்சடித்திருந்தார்கள். ஏழரைக்குத் தொடங்கியது வரவேற்புரை. அதற்கப்புறம் தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, மாலை, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வரத் தாமதம், அவர் வந்ததும் மறுபடி பொன்னாடை. திரை விலகியபோது எட்டே முக்கால். மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை மாலையிலிருந்து ரோஜா இதழைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது, பசி. ஒலிவாங்கி வேறு கரகரவென்று, முதல் பத்து நிமிஷம் யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரியவில்லை.

ஆனால் நான் எழுந்து வரவில்லை. விற்றுப்போன தோட்டத்தில் கோயிலை எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்க மாட்டேன் என்று ஒரு பாட்டி, அவ்வளவுதான் கதை, நாம் ஏற்கெனவே நூறு தடவை கேட்டது. அந்தப் பாட்டியாக நடித்த அம்மா பால் டின்னால் அரிசி அளக்கிற காட்சி ஒன்று வந்தது. ஒரு டின் அளந்து விரலால் தலைதட்டினார், கொட்டினார், இரண்டாவதையும் தலைதட்டிக் கொட்டினார். மூன்றாவதைக் கோபுரமாக அள்ளி, தட்டாமல், அப்படியே இலையில் வைத்தார், அது சாமிக்கு. ஒரு வசனம் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார். இயக்குநர் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயமா இது, அந்த அம்மா ஏதாவது ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அளந்த கைதான் அது.

பினாங்கில் நாடகம் ஏது என்று கேட்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் வந்து ஆடியதைப் பார்த்து, 1880களில் பங்சவான் என்கிற மலாய் பாட்டு நாடக மேடை பிறந்ததே இந்த ஊரில்தான். அப்போதும் பார்வையாளர்கள் தாமதமாகத்தான் வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

முடிந்ததும் பக்கத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய். பத்து நிமிஷத்தில் அந்தப் பாட்டியும் வந்துவிட்டார், நெற்றி நரை மட்டும் அழிந்திருந்தது, பின்னந்தலையில் வெள்ளைப் பவுடர் அப்படியே இருந்தது, பார்த்தால் என் அக்கா வயதுகூட இருக்காது. சீனி குறைத்து ஆற்றிய டீக்கு, தே தாரிக் கூராங் மானிஸ் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "மைக்கு ரொம்ப மோசமாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "அடுத்த சனிக்கிழமை வேற மைக்கு" என்றார். அங்கேயே இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன், ஒன்று அத்தைக்கு. நீங்களும் வருவதானால் எட்டே முக்காலுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.