டிரம்மண்டியா, பானிகுலேட்டாவா? எந்த ஃபிளாக்ஸை நடலாம்?

ஃபிளாக்ஸ் என்ற பூச்செடியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இந்த இரண்டு வகைகளில்தான் தடுமாறுகிறார்கள். டிரம்மண்டி ஒரு பருவச் செடி, பானிகுலேட்டா பல ஆண்டு வாழும் செடி. இரண்டும் ஒரே குடும்பம். மொட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள், ஐந்து இதழ்களும் சுருட்டி வைத்த குடை மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும்.

செலவு: டிரம்மண்டிக்கு ஒரு விதைப் பொட்டலம் போதும், ஆனால் ஆண்டுதோறும் விதைக்க வேண்டும். பானிகுலேட்டாவைச் செடியாக வாங்குவதால் முதலில் கூடுதல். அப்புறம் 3, 4 ஆண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட்டால் புதுச்செடி சும்மா கிடைக்கும்.

உயரம்: டிரம்மண்டி சுமார் 1 அடி. பானிகுலேட்டா 3, 4 அடி, நல்ல மணமும் உண்டு.

தட்பவெப்பம்: முடிவு செய்வது இதுதான். டிரம்மண்டி டெக்சாஸ் மண்ணில் பிறந்தது. 1835-இல் தாமஸ் டிரம்மண்ட் என்ற தாவரவியலாளர் அங்கிருந்து அனுப்பிய விதைகளால்தான் தோட்டங்களுக்கு வந்தது. மணற்பாங்கான, நீர் தேங்காத மண் பிடிக்கும். மிதமான குளிரில் பூத்துக் குலுங்கும், கடும் வெயில் வந்ததும் ஓய்ந்துவிடும். பானிகுலேட்டாவுக்கோ உண்மையான குளிர்காலம் வேண்டும். வெப்ப ஊரில் அதை நட்டு வாடவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நோய்: பானிகுலேட்டாவின் பலவீனம் சாம்பல் நோய். இலையில் மாவு தூவியதுபோல வெள்ளை படரும். நெருக்கி நடாதீர்கள், தண்ணீரை வேரடியில் மட்டும் விடுங்கள். 'டேவிட்' என்ற வெள்ளை ரகம் ஓரளவு தாங்கும்.

குளிர்காலம் உறைய வைக்கும் ஊரில் சொந்தத் தோட்டம் இருந்தால் பானிகுலேட்டா. தொட்டி, பால்கனி, குளிர் குறைந்த ஊர் என்றால் யோசிக்காமல் டிரம்மண்டி.