பழைய ஊர் மறப்பதில்லை: பேஸ்பால் சிமுலேஷனில் ரசிகர் அன்பைக் கணக்கிடும் மூன்று வழிகள்

2019 ஜூன் 21, செயின்ட் லூயிஸ், புஷ் ஸ்டேடியம். அந்த ஊர் அணியான கார்டினல்ஸை விட்டுப் போய் ஏழு சீசன் முடிந்த பிறகு, ஏஞ்சல்ஸ் சட்டையில் ஆல்பர்ட் புஹோல்ஸ் அங்கே முதன்முறையாக பேட் பிடிக்க வருகிறார். அரங்கமே எழுந்து நிற்கிறது. கார்டினல்ஸ் கேட்சர் யாடியர் மொலினா முன்னால் வந்து கட்டிப்பிடிக்கிறார். மறுநாள் ஹோம் ரன் அடித்தவரை, எதிரணிக்காரர் என்றும் பாராமல், வெளியே வந்து முகம் காட்டும் வரை கூட்டம் விடவில்லை. ஒரு பேஸ்பால் அணியைக் கணினியில் நாமே நிர்வகிக்கும் எந்த சிமுலேஷன் கேமை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இந்தக் காட்சி அதில் நடக்குமா என்றுதான்.

வீரரின் ஆட்டத்தை மட்டும் வைத்து, அவர் மேல் ரசிகர்களுக்கு உள்ள அன்புக்கு ஒரே எண் கொடுப்பது முதல் வழி. எழுதுவது எளிது. ஆனால் 2019இல் புஹோல்ஸின் பேட்டிங் சராசரி வெறும் .244தான். இந்தக் கணக்குப்படி புஷ் ஸ்டேடியத்தில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வழிக்கு, அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற கேமைப் பாருங்கள். அது உள்ளூர்ச் செல்வாக்கையும் தேசியச் செல்வாக்கையும் தனித்தனியாகக் காட்டுகிறது. இது பெரிய முன்னேற்றம். ஊரின் செல்லப்பிள்ளையை டிரேடு செய்தால், அதாவது வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்தால், ரசிகர் ஆர்வம் குறையும் என்று தெரிந்தால், ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் இருப்பவருக்குக் கை தயங்கும், தயங்கத்தான் வேண்டும். ஆனாலும் 'உள்ளூர்' என்று ஒரே கட்டம் இருந்தால், ஏஞ்சல்ஸின் ஊரான அனாஹைமில் ஆடுபவர் மேல் செயின்ட் லூயிஸ் வைத்திருக்கும் பாசத்தை எங்கே எழுதுவது?

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: வீரர் ஆடிய ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தனிக் கணக்கு. ஆடும் வரை அதில் வரவு. போன பிறகு மெதுவாகத் தேய்மானம். அந்த வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்டுக்கு 0.9ஆல் பெருக்கினால் ஏழு ஆண்டில் பாதிகூட மிஞ்சாது. 0.97 என்று வைத்துப் பாருங்கள், எண்பது சதவீதம் அப்படியே நிற்கும். புஹோல்ஸுக்கு இதுதான் பொருந்துகிறது.

சரி, எல்லோருக்கும் அதே 0.97 போதுமா? போதாது. 2004இல் பாஸ்டனுக்குக் கோப்பை வென்று தந்த ஜானி டேமன், 2006இல் பாஸ்டனின் பரம எதிரியான யாங்கீஸ் சட்டையில் அந்த ஊர் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வந்தபோது காதைப் பிளக்கும் கூச்சல்தான் கிடைத்தது. ஜென்ம எதிரியிடம் போனால் கணக்கு ஒரே நாளில் சரியவும், பூஜ்யத்துக்குக் கீழே போகவும் வழி வேண்டும். இத்தனை கணக்கு வைத்தால் கணினிக்கு நினைவகச் சுமை என்பார்கள். ஆடாத ஊருக்குக் கணக்கே திறக்க வேண்டாமே. இருபது சீசனும் சான் டியாகோவிலேயே ஆடிய டோனி குவின்னுக்கு ஒரு வரி போதும்.

கேமில் ஒரு சீசன் மட்டும் ஆடி மூடிவைப்பவருக்கு உள்ளூர், தேசியம் என்ற இரண்டு எண்ணே தாராளம். முப்பது ஆண்டு லீக் ஓட்டுபவர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவை வைத்துச் சோதிக்கலாம். 1981இல் தன் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை அந்த ஊர் அணியான டாட்ஜர்ஸ் பக்கம் இழுத்தவர் அவர். 1991இல் அணி அவரை விடுவித்தது. அப்புறம் பல அணிகளுக்கு ஆடினார். அவருடைய சட்டை எண்ணான 34ஐ டாட்ஜர்ஸ் இனி யாருக்கும் இல்லை என்று அறிவித்துக் கொண்டாடியது 2023இல்.