கிளவுட் சிங்க்கை நம்பி ஆராய்ச்சித் தரவை வைக்கலாமா? நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை இணையச் சேமிப்பகத்தோடு எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும் இந்த கிளவுட் சிங்க் சேவையின் விலையைக் குறைத்ததிலிருந்து ஜூனியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறார்கள், "அக்கா, நீங்க இதைத்தானே யூஸ் பண்றீங்க, தீசிஸ் டேட்டாவுக்கு வாங்கலாமா?" என்று. எத்தனை டெராபைட், எந்தெந்தக் கருவியில் ஓடும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படிப்பில் சேர்ந்த நாள் முதல் தீசிஸ் கொடுத்த நாள் வரை இந்த சிங்க் ஃபோல்டரில்தான் வேலை பார்த்தேன். அதில் என்னை விடாமல் படுத்திய ஒரே ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுத வந்தேன்.

லேப்டாப்பில் இடம் குறைந்தால், நீண்ட நாள் திறக்காத கோப்புகளைத் தானாகவே கிளவுடில் மட்டும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இதில் உண்டு. பெயர் அங்கேயே இருக்கும், ஐகானும் இருக்கும், பக்கத்தில் சின்னதாக ஒரு மேகக் குறி வந்திருக்கும். உள்ளே சரக்கு இருக்காது. ப்ராப்பர்டீஸைத் திறந்து பாருங்கள். அளவு 635 எம்பி என்று காட்டும்; அதற்கு அடுத்த வரியில், டிஸ்க்கில் பிடித்திருக்கும் அளவு 0 பைட். ஒரு மணி நேர நேர்காணல், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு அது. நம் டிஸ்க்கில் அதில் ஒரு நொடிகூட இல்லை.

கல்யாண போட்டோ வைத்திருப்பவருக்கு இது நல்ல வசதி. ஆராய்ச்சி செய்பவர் எதைத் திறக்காமல் வைப்பார்? மூலத் தரவைத்தான். முதல் வருடம் எடுத்த ஒலிப்பதிவு, கருவியிலிருந்து இறக்கிய ரா ஃபைல் எல்லாம் ஒருமுறை வாசித்து, சுத்தம் செய்த கோப்பைத் தனியாக உருவாக்கியபின் கைபடவே கூடாதவை. அவற்றைத் திரும்பத் தேடுவது, மூன்றாவது அட்டவணையில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று ரிவியூவர் கேட்கும்போதுதான். தொடாததெல்லாம் தேவையில்லாதது என்று நினைக்கும் மென்பொருளிடம், தொடவே கூடாததைக் காவலுக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஃபோல்டரில் இருக்கும் ஒலிப்பதிவுகளையெல்லாம் வரிசையாகத் திறக்கிற ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். நெட் இருந்தால் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். சிக்னல் இல்லாத களத்தில் பிழை காட்டிவிட்டு பாதியில் நிற்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி எடுக்கும்போதும் இதே கதைதான். "எப்போதும் இந்தக் கணினியில் வை" என்று ஒரு தெரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. லேப்டாப் மாற்றினால் அதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இதனால் கிடைத்த நன்மையை மறைப்பது நியாயமில்லை. பழைய பதிப்பை மீட்கும் வசதி என் ஓர் அத்தியாயத்தையே காப்பாற்றியது. உடன் வேலை பார்த்தவர் சுத்தம் செய்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைத் தரவு) விரிதாளில் திறந்து சேமித்துவிட்டார். "10-12" என்றிருந்த வயதுப் பிரிவு முழுக்கத் தேதியாகிவிட்டது. எங்களுக்கு மட்டும் வந்த தொல்லையில்லை இது. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை விரிதாள் தேதியாக எடுத்துக்கொள்கிறது என்பதற்காக, பெயரிடும் குழுவே அதை மார்ச்எஃப்1 என்று மாற்றியதை 2020-இல் வெளியிட்ட விதிமுறைகளில் பார்க்கலாம். எங்கள் கோப்பில் ரைட் கிளிக், முந்தைய பதிப்பு, மீட்டெடு, அவ்வளவுதான். நெடுவரிசை அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கு இதைக் கும்பிடத் தோன்றியது. ஆனால் என் திட்டத்தில் 30 நாள் தாண்டினால் பழைய பதிப்பு கிடையாது. மூலத் தரவில் ஒரு சேதம் நடந்தால் அது அத்தனை சீக்கிரம் கண்ணில் படுவதில்லை.

தரவு கைக்கு வந்த அன்றே ஷா-256 எடுத்துவிடுகிறேன். கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு அது; பின்னால் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். கோப்பு ஒன்றுக்கு 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி, எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இன்னொரு பலனும் உண்டு. வைஃபையை அணைத்துவிட்டுச் சரிபார்ப்பை ஓட்டினால், வெறும் பெயராக உட்கார்ந்திருக்கும் கோப்புகளை வாசிக்க முடியவில்லை என்று பிழை வரும். சிங்க் செயலி காட்டும் பச்சை டிக்கைவிட எனக்கு இதுதான் நம்பிக்கை.

வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அத்தியாய வரைவுகள் எழுத இதைவிடச் சுகமான இடம் இல்லை. நானே இன்னும் இதில்தான் எழுதுகிறேன். இருந்தும் தீசிஸ் டேட்டாவுக்கு என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று பேக்கப்புக்குச் சொல்லும் 3-2-1 கணக்கில் இந்த ஃபோல்டரைச் சேர்க்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிறது என்றால் அது தனிப் பிரதி இல்லை.

பல்கலைக்கழகம் கொடுத்த கணக்கில் ஓட்டுபவர்கள், பட்டம் வாங்கியபின் அந்தக் கணக்கு எப்போது மூடப்படும் என்று ஐடி பிரிவில் இப்போதே கேட்டுவிடுங்கள். வெளியிடத்தக்க தரவு என்றால் ஜெனோடோ என்ற ஆராய்ச்சித் தரவுக் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன் 2013 முதல் நடத்துகிறது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணும் கிடைக்கும். நேர்காணல் குரல்களை அங்கே ஏற்றுவதென்றால், பங்கேற்றவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும். படிவம் தயாரிக்கும்போதே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். பதிவெல்லாம் முடிந்தபின் ஒவ்வொருவராகத் தேடிப் போய் அனுமதி கேட்பது நடக்கிற காரியமில்லை.