ஸ்மார்ட்வாட்ச்: சில ஆண்டுகளுக்குப் பிறகு கையில் நிலைத்தவை

என் ஸ்மார்ட்வாட்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட உடற்பயிற்சி வகைகள் இருக்கின்றன. நான் பயன்படுத்துவது நடை ஒன்றைத்தான். வாங்கும்போது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த வசதிகளில் பாதியை இப்போது தொடுவதே இல்லை. விளம்பரத்தில் யாரும் பேசாத அதிர்வுதான் என் அன்றாடத்தை மாற்றியிருக்கிறது.

நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் போனை எடுப்பதில்லை. ஒலியை அடக்கிக் கைப்பைக்குள் வைத்துவிடுவேன். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், வயதும் ஆகிவிட்டது. கடிகாரம் வாங்கிய புதிதில் வாட்ஸ்அப் குழுக்கள், வங்கிக் குறுஞ்செய்திகள், சாப்பாட்டுச் செயலிகளின் சலுகைகள் என்று எல்லாம் மணிக்கட்டில் அதிர்ந்து தொல்லை கொடுத்தன. ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அழைப்புகளையும் வீட்டாரின் செய்திகளையும் மட்டும் விட்டுவைத்தேன். இப்போது கை அதிர்ந்தால் அது அநேகமாக வீட்டிலிருந்துதான். அதிராத வரை நிம்மதியாகப் பாடம் நடத்துகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே செய்யவேண்டிய வேலை இதுதான் என்பேன். புளூடூத் இணைப்பு பத்து மீட்டர் அளவில் தளரத் தொடங்கிவிடும், இடையில் சுவர் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே பை வகுப்பறை மேசை மேலேயே இருக்கவேண்டும். ஆசிரியர் அறையில் விட்டுவிட்டு வந்தால் பயனில்லை.

அம்மா தமிழில்தான் செய்தி அனுப்புவார். முன்பு கட்டியிருந்த மலிவான கடிகாரத்தில் அவை வெறும் கட்டங்களாகத் தெரிந்தன, காரணம் அதன் நினைவகத்தில் தமிழ் எழுத்துருவே இல்லை. தோழி ஒருவரின் கடிகாரத்தில் எழுத்துரு இருந்தது, ஆனால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. கருவிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் முதலில் மெய்யும் அதன் பிறகே கொம்பும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்தவேண்டியது மென்பொருளின் வேலை. விலை குறைந்த கடிகாரங்களின் எளிய மென்பொருள்கள் பலவற்றில் இந்தத் திறன் இல்லை. கோடிக்கணக்கானோர் படிக்கும் மொழிக்கு இதைக்கூடச் செய்யாமல் விற்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது. கடையில் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் போனை இணைத்து, 'கொடு', 'பெண்', 'மௌனம்' என்று ஒரு செய்தி வரவழைத்துப் பாருங்கள்.

இதயத் துடிப்பு விஷயத்தில் கடிகாரம் என் நம்பிக்கையைப் பெற்றிருக்கிறது, ஓர் எல்லைக்குள். அடிப்பக்கத்தில் மினுக்கும் பச்சை விளக்குதான் கருவி. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும்; ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் இரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. வார் தளர்ந்தாலோ கை வேகமாக ஆடினாலோ கணக்கு குழம்பும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலோடு படியும்படி கட்டினால் சரியாக வருகிறது. வளையல் அணியும் கையில் கட்டாதீர்கள்; கண்ணாடித் திரையிலும் கீறல் விழும், கடிகாரமும் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். நான் வளையல்களை வலக்கைக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு நொடியில் காட்டும் எண்ணைவிட, ஓய்வு நிலைத் துடிப்பு வாரக்கணக்கில் எப்படிப் போகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து வரை கூடும். வைரஸ் காய்ச்சலில் படுத்திருந்தபோது வரைபடம் மேடாக எழும்பியதையும், காய்ச்சல் விட்ட பிறகும் அது சமநிலைக்கு வர நாள் பிடித்ததையும் கண்டேன். அதைப் பார்த்துத்தான் விடுப்பை நீட்டித்தேன். உறக்கக் கணக்கில் எத்தனை மணிக்குப் படுத்தேன், எழுந்தேன் என்பது பெரும்பாலும் சரி. ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என்று பிரித்துச் சொல்வது ஊகம்தான். அதை அளக்க மூளை அலைகளைப் பதிவு செய்யவேண்டும், மணிக்கட்டில் அது நடக்காது.

காலடிக் கணக்கும் கை வீச்சை வைத்துத்தான். இடக்கையில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தையிலிருந்து நடந்தால் பாதி காலடிகள் விட்டுப்போகின்றன. நாளைக்கு 10,000 என்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' என்ற காலடி எண்ணும் கருவியின் பெயரோடு பரவியது. மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த எண் அல்ல. 2019இல் ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வில், நாளைக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது; 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். தெருமுனைக் கோயில் வரை போய் வருவதுகூட வீணில்லை என்று தெரிந்ததில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

சர்க்கரை நோய் உள்ள என் சித்தப்பா, ஊசி குத்தாமல் சுகர் காட்டும் கடிகாரம் என்ற விளம்பரத்தைக் காட்டி, "இதை வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. தோலுக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி அளக்கும் உணரிகள் வேறு. அவற்றின் அளவைக் கடிகாரம் திரையில் காட்டுகிறது, அவ்வளவே. ஆப்பிள் 2018இல் கொண்டுவந்த இசிஜி வசதியும் அப்படி எல்லை உள்ளதுதான். சீரற்ற துடிப்பின் அறிகுறியைக் காட்டும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று அந்நிறுவனமே சொல்கிறது. நெஞ்சு வலித்தால் 108ஐ அழைக்கவேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தேய்மானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் ஊர் வியர்வையில் சிலிக்கோன் வாருக்கு அடியில் தோல் சிவந்து அரிக்கும். மாலையில் சிறிது நேரம் கழற்றிக் கழுவித் துடைத்து வைத்தால் அரிப்பு அடங்குகிறது. துணி வாருக்கு மாறியதும் நின்றே போனது. நீர் தாங்கும் அளவாக 5 ஏடிஎம் (வளிமண்டல அழுத்த அலகு) என்று போட்டிருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அசையாத நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்றுதான் பொருள். சோப்பும் வெந்நீர் ஆவியும் நீர்புகாக் காப்பைக் கெடுக்கும், குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். பேட்டரி முன்பு ஒரு வாரத்துக்கு மேல் வந்தது, இப்போது நான்கு நாள் வந்தால் அதிகம். கடிகாரத்தின் உறையைப் பசையிட்டு ஒட்டி மூடியிருப்பதால் பேட்டரியை மாற்றித் தர சேவை மையத்தில் மறுத்துவிட்டார்கள். சார்ஜர் ஒருமுறை பழுதாகி, அதே மாதிரி கிடைக்காமல் பல கடைகள் அலைந்தேன்.

அடுத்த கடிகாரத்துக்கு நான் கேட்கப்போவது நான்கே கேள்விகள். தமிழ் ஒழுங்காகத் தெரியுமா? 20 அல்லது 22 மில்லிமீட்டர் பொது அளவு வார் பொருந்துமா? சார்ஜர் தனியாகக் கிடைக்குமா? பேட்டரியை மாற்றித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று எழுத்தில் தரும் நிறுவனத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.