மொல்லி நீராவி ரயில்: குன்னூர்க்காரரின் பார்வையில்

வட ஜெர்மனியில், பால்டிக் கடலோரத்தில் ஓடும் மொல்லி நீராவி ரயில், குன்னூரில் மலைரயிலின் விசில் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ரோஸ்டாக் நகரிலிருந்து சாதாரண ரயிலில் பாட் டோபரான் வந்து, அங்கேயே மொல்லிக்கு மாறிக்கொள்ளலாம். ஹைலிகன்டாம் வழியாகக் கூலுங்ஸ்போர்ன் வரை 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தை அது முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது.

ஹைலிகன்டாமின் கதையைத் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது. கடல்நீரில் குளிப்பது உடம்புக்கு நல்லது என்று மருத்துவர் சாமுவேல் ஃபோகல் சொன்ன யோசனையை ஏற்று, மெக்லன்பர்க்கை ஆண்ட முதலாம் ஃபிரீட்ரிக் ஃபிரான்ஸ் 1793இல் இங்கே கடலில் இறங்கினார். ஜெர்மனியின் முதல் கடற்குளியல் ஊர் அப்படித்தான் உருவானது. செவெரின் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய, குளிக்க வருவோர் கூடும் கூர்ஹவுஸ் மண்டபம் 1816இல் நிறைவடைந்தது. அதையொட்டிக் கடலைப் பார்த்தபடி வரிசையாக எழுந்த வெள்ளை மாளிகைகளால் ஊருக்கு ‘கடலோர வெள்ளை நகரம்’ என்ற பெயர் வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1820களில் உதகையில் வீடு கட்டியதையும், நோயுற்ற வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற நம் மலைக்கு வந்ததையும் அறிந்தவர்களுக்கு இந்த ஊரின் இயல்பு உடனே புரிந்துவிடும். மேட்டுக்குடியினருக்காகப் பிறந்த அந்த ஊருக்கு 1886இல் ரயில் வந்தது. 1910இல் கூலுங்ஸ்போர்ன் பக்கம் நீண்டது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் அதே மாளிகைகளில் தொழிலாளர்கள் தங்கி உடல்நலம் தேறினார்கள் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

பயணத்தில் மறக்க முடியாத பகுதி பாட் டோபரானின் கடைத்தெருதான். தெருவின் நடுவே பதித்த தண்டவாளத்தில், இன்ஜின் மணியை விடாமல் அடித்துக்கொண்டே மெல்ல நகர்கிறது. நடந்து போகிறவர்கள் பதற்றமில்லாமல் ஒதுங்கி வழிவிட, இருபுறமும் கடைவாசல்கள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகின்றன. ஊரைத் தாண்டியதும் எலுமிச்சைச் சாயலில் துளிர்த்த லிண்டன் மரச்சாலை தொடங்குகிறது. சமதரை என்பதால் நம் கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் உள்ளதுபோல் பல்சக்கரத் தண்டவாளம் இங்கே தேவையில்லை. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமும் நம்முடையதைவிட 100 மில்லிமீட்டர் குறைவு, அதாவது 900 மில்லிமீட்டர். இன்ஜின்களில் 1932இல் செய்தவை இன்றும் உழைக்கின்றன. அதே வடிவத்தில் 2009இல் மைனிங்கன் பணிமனையில் புதிதாக ஒன்றையும் செய்து சேர்த்திருக்கிறார்கள்.

நான் மிகவும் மதிப்பது இதன் ஒழுங்கை. கோடையில் ஏறக்குறைய மணிக்கொரு வண்டி ஓடுகிறது; குளிர்காலத்திலும் சேவை உண்டு. சுற்றுலாப் பயணிகளோடு உள்ளூர்க்காரர்களும் சைக்கிளோடு ஏறுகிறார்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் நம் வண்டி நின்றுபோவது இயற்கையின் செயல். ஆனால் குன்னூர்–உதகை இடையிலாவது இத்தனை நெருக்கமாக வண்டிகள் ஓடினால், வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் பேருந்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. தடம் கடற்கரையை ஒட்டிச் சென்றாலும் மரங்களும் வயல்களும் மறைத்துவிடுவதால், பெட்டியிலிருந்தே கடலை நெடுநேரம் பார்க்கலாம் என்று எண்ணி ஏறக் கூடாது. ஹைலிகன்டாமில் மாளிகைகள் பலவும் இன்று உயர்தர ஹோட்டலைச் சேர்ந்தவை என்பதால், அங்கே தங்காதவர்கள் பெரும்பாலும் வெளியே நின்றுதான் பார்க்க முடியும். ஆகவே ஹைலிகன்டாமில் இறங்கிக் கடற்கரையில் நடந்துவிட்டு, அடுத்த வண்டியில் கூலுங்ஸ்போர்ன் போங்கள். கோடையிலும் காற்று குளிரும் என்பதால் ஸ்வெட்டரைக் கையோடு கொண்டுபோவது நல்லது.